614-ஆவது டாங்கி அழிப்பு பட்டாலியன்

614-ஆவது டாங்கி அழிப்பு பட்டாலியன், இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் போரிட்ட அமெரிக்கத் தரைப்படைப் பிரிவு. நிறப் பிரிவினை நிலவிய அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களைக் கொண்டு இது அமைக்கப்பட்டது. 1944 டிசம்பர் 14 அன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள கிளைம்பாக் கிராமத்தருகே இதன் பிளாட்டூன் ஒன்று நடத்திய சமர், பட்டாலியனுக்கு வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது.

பின்னணி

1940-இல் பிரான்சை ஜெர்மன் டாங்கிகள் சில வாரங்களில் வீழ்த்தியதைக் கண்ட அமெரிக்கா, அவற்றை எதிர்கொள்ள 1941-இல் தனிப் படைப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. டெக்சாசிலிருந்த ஹுட் முகாம் அதன் தலைமைப் பயிற்சி இடமாயிற்று. 614-ஆவது பட்டாலியன் 1942 ஜூலை 25 அன்று கொலராடோவின் கார்சன் முகாமில் தொடங்கப்பட்டது. பயிற்சியின் பெரும்பகுதி டெக்சாசில் நடந்தது.

கறுப்பினத்தவர் முன்னணியில் நின்று போரிட மாட்டார்கள் என்ற முன்முடிவு அன்றைய ராணுவத் தலைமையில் பலரிடம் இருந்தது. அதனால் பயிற்சி பெற்ற கறுப்பின டாங்கி அழிப்பு பட்டாலியன்கள் பல கலைக்கப்பட்டன. வீரர்கள் சுமைப் பணிக்கும் சேவைப் பணிக்கும் மாற்றப்பட்டனர். 614, 679, 827 ஆகிய மூன்றே போர்க்களம் கண்டன. 614-க்கு வெள்ளையரான லெப்டினன்ட் கர்னல் ஃபிராங்க் பிரிட்சர்ட் தலைமை தாங்கினார். கம்பெனிகளைக் கறுப்பின அதிகாரிகள் நடத்தினர்.

அமைப்பும் ஆயுதமும்

பட்டாலியனில் மூன்று பீரங்கிக் கம்பெனிகள் இருந்தன. கம்பெனிக்கு மூன்று பிளாட்டூன்கள், பிளாட்டூனுக்கு நான்கு பீரங்கிகள் என மொத்தம் 36 பீரங்கிகள். இவை எம்5 எனப்பட்ட, 76 மில்லிமீட்டர் வாயளவு கொண்டவை. ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது. முன்புறம் சக்கரமும் பின்புறம் சங்கிலித்தடமும் உள்ள வண்டிகள் இவற்றை இழுத்துச் சென்றன.

பீரங்கியை வண்டியிலிருந்து கழற்றி, கால்களை விரித்து ஊன்றிய பிறகே சுட முடியும். அதுவரை வீரர்கள் திறந்தவெளியில் நிற்க வேண்டும். குண்டுச் சிதறல்களைத் தடுக்க முன்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு மட்டுமே இருந்தது. எதிரி வரும்வரை மறைந்து காத்திருக்கும் தற்காப்புக்கே ஏற்ற ஆயுதம் இது. முன்னேறிச் செல்லும் தாக்குதலில் இதைக் கையாள்வது எத்தனை ஆபத்தானது என்பதைக் கிளைம்பாக் காட்டியது.

கிளைம்பாக் சமர்

1944 அக்டோபரில் பிரான்சில் இறங்கிய பட்டாலியன், மெட்ஸ் பகுதியில் முதல் போர் அனுபவம் பெற்றது. டிசம்பர் தொடக்கத்தில் 103-ஆவது காலாட்படை டிவிஷனுடன் இணைக்கப்பட்டது.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய குன்றுப் பகுதியிலுள்ள கிளைம்பாக்கைப் பிடிக்க, 411-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஜான் பிளாக்ஷியர் தலைமையில் ஒரு தனிப்படை புறப்பட்டது. அதன் முன்னணியில், ‘சி’ கம்பெனித் தலைவர் லெப்டினன்ட் சார்லஸ் தாமஸ், மூன்றாவது பிளாட்டூனுடன் சென்றார். அவர் டெட்ராய்ட்டில் வளர்ந்தவர், அப்போது வயது 24.

கிராமத்தை நெருங்கியதும் அவருடைய கவச வண்டி தாக்கப்பட்டது. காயமடைந்த தாமஸ் வண்டியிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் பதிலடி கொடுத்தார். மார்பிலும் கால்களிலும் இடது கையிலும் மேலும் குண்டுகள் பாய்ந்தன. அப்படியும் பின்வாங்க மறுத்து, முதல் இரண்டு பீரங்கிகளை நிலைநிறுத்தச் செய்தார். நிலைமையை அடுத்த அதிகாரிக்கு முழுமையாக விளக்கிய பிறகே தம்மை அப்புறப்படுத்த ஒப்புக்கொண்டார்.

மறைவில்லாத வயலில் நின்ற பிளாட்டூன், பல மணி நேரம் ஜெர்மானியரின் கவனத்தைத் தன்மீதே இருத்திவைத்தது. பீரங்கி இயக்குவோர் வீழ்ந்தபோது மற்றவர்கள் அந்த இடத்தை நிரப்பினர். இந்த அவகாசத்தில் காலாட்படை பக்கவாட்டில் சுற்றிச் சென்று கிராமத்தைக் கைப்பற்றியது. ஜெர்மானியர் தங்கள் எல்லைத் தற்காப்பு வரிசையான சீக்ஃப்ரீட் அரணுக்குப் பின்வாங்கினர். பிளாட்டூனின் நான்கு பீரங்கிகளில் மூன்று அழிந்தன. வீரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உயிரிழந்தனர் அல்லது காயமுற்றனர்.

இதற்காக மூன்றாவது பிளாட்டூனுக்குச் சிறப்புப் படைப்பிரிவுப் பாராட்டு வழங்கப்பட்டது. அமெரிக்கத் தரைப்படையில் இதைப் பெற்ற முதல் கறுப்பினப் போர்ப்பிரிவு இதுவே.

போரின் இறுதிக் கட்டம்

1945 ஜனவரியில் ஜெர்மானியர் அல்சாசில் பெருந்தாக்குதல் நடத்தினர். அம்மாதம், பட்டாலியன் இணைந்திருந்த 103-ஆவது டிவிஷனின் தலைமையை, பாஸ்டோன் முற்றுகையில் பெயர்பெற்ற ஜெனரல் ஆண்டனி மெக்காலிஃப் ஏற்றார். டிவிஷன் மோடர் ஆற்றுக் கரைக்குப் பின்வாங்கித் தற்காத்தது. மார்ச் மாதம் மீண்டும் முன்னேறி சீக்ஃப்ரீட் அரணை ஊடுருவியது. மே 3 அன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரம் டிவிஷன் வசமானது. மறுநாள் பிரென்னர் கணவாயைக் கடந்து, இத்தாலியிலிருந்து வந்த அமெரிக்கப் படையுடன் அதன் முன்னணி வீரர்கள் கைகோத்தனர்.

தாமதமான அங்கீகாரம்

தாமஸுக்குப் போர்க்காலத்திலேயே இரண்டாவது உயர்ந்த வீரப் பதக்கமான சிறப்புச் சேவைச் சிலுவை கிடைத்தது. அவர் 1947-இல் மேஜராக ஓய்வுபெற்று, 1980-இல் காலமானார். இரண்டாம் உலகப் போருக்காக அதுவரை வழங்கப்பட்ட மிக உயர்ந்த வீரப் பதக்கமான ‘மெடல் ஆஃப் ஹானர்’ விருதுகள் நூற்றுக்கணக்கானவற்றில் ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்குச் சென்றிருக்கவில்லை. இதற்கான காரணத்தை ஆராயும் பணியை 1993-இல் ஷா பல்கலைக்கழகத்திடம் ராணுவம் ஒப்படைத்தது. விருதுப் பரிந்துரை முறையில் இனப்பாகுபாடு இருந்ததை அந்த ஆய்வு வெளிப்படுத்தியது.

1997 ஜனவரி 13 அன்று அதிபர் பில் கிளின்டன் ஏழு கறுப்பின வீரர்களுக்கு அவ்விருதை வழங்கினார். அவர்களுள் வெர்னன் பேக்கர் மட்டுமே அன்று உயிருடன் இருந்தார். தாமஸ் உட்பட மற்ற அறுவரின் விருதுகளைப் பிறர் பெற்றுக்கொண்டனர். கிளைம்பாக்கில் நடந்ததற்குச் சான்றுகள் போர்க்காலத்திலேயே ராணுவத்தின் கையில் இருந்தன. ஆகவே இந்த 52 ஆண்டுத் தாமதத்தைச் சான்றின்மையால் விளக்க முடியாது; அந்த ஆய்வு சுட்டியது இனப்பாகுபாட்டையே.