ஸ்டாக் மைதானத்தின் மேற்கு மாடம்: சிகாகோப் பல்கலைக்கழகம் கால்பந்தைத் துறந்த வரலாறு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1942 டிசம்பர் 2 அன்று, மனிதர் அமைத்த உலையொன்றில் முதன்முறையாகத் தன்னைத் தானே தொடரும் அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது. நிகழ்ந்த இடம் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் மைதானம். பார்வையாளர் மாடத்தின் கீழிருந்த ஓர் உள்ளரங்க ஆடுகளம். அறிவியல் வரலாறு பயில்வோர் அனைவரும் இச்செய்தியைக் கடந்து வந்திருப்போம். அண்மையில் முதுகலை மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டார்: “அந்த மைதானத்தில் அப்போது யாருமே விளையாடவில்லையா?”

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் போனால் இருபதாம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையே ஒரு பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. அங்கே விளையாட்டு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு காலத்தில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி முழுவதையும் அச்சுறுத்திய கல்லூரி அணி ஒன்றை, அதன் பல்கலைக்கழகமே கலைத்துவிட்டிருந்தது.

ஒரு விளக்கம் தேவை. இங்கே கால்பந்து என்பது நாம் மாலைவேளைகளில் ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியினரை மோதி வீழ்த்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. நம் நாட்டில் பல்கலைக்கழக அணிகளின் போட்டிகளுக்கு ஆடுவோரின் நண்பர்களே பெரும்பாலும் பார்வையாளர்கள். அமெரிக்காவிலோ ஐம்பதாயிரம் பேர் சீட்டு வாங்கிப் பார்க்கும் பெருநிகழ்வாக அது நூறாண்டுகளுக்கு முன்பே வளர்ந்துவிட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

ராக்ஃபெல்லரின் கொடையால் 1890இல் நிறுவப்பட்டு, 1892 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், எபிரேய மொழி அறிஞர். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்கு இணையான ஆய்வு நிறுவனத்தைச் சிகாகோவில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் புதிய நிறுவனத்துக்குப் பழைய மாணவர்கள் இல்லை, மரபு இல்லை, நகர மக்களிடம் உரிமையுணர்வும் இல்லை. ஹார்வர்டும் யேலும் இரு நூற்றாண்டுகளில் ஈட்டியதை ஹார்ப்பர் இரண்டு பத்தாண்டுகளில் ஈட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று கால்பந்து.

யேலில் தம் மாணவராயிருந்த அமோஸ் அலான்சோ ஸ்டாக்கை அவர் அழைத்து வந்தார். விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஆசிரியர் பதவியும் நிரந்தரப் பணியுரிமையும் வழங்கியது அக்காலத்தில் துணிச்சலான செயல். ஹார்ப்பரின் கணக்கு பொய்க்கவில்லை. 1896இல் ஏழு பல்கலைக்கழகங்கள் கூடி, பின்னாளில் ‘பிக் டென்’ என்று பெயர்பெற்ற மேற்கத்தியக் கூட்டமைப்பை அமைத்தபோது சிகாகோ அதன் நிறுவன உறுப்பினர். 1899 முதல் 1924 வரை ஸ்டாக்கின் அணி ஏழு முறை அக்கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. வளாகத்தை ஒட்டியிருந்த ‘மிட்வே’ திடலின் பெயரால் அவ்வணியினர் ‘மிட்வேயின் அரக்கர்கள்’ என்று அழைக்கப்பட்டனர். 1893 உலகக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியாக இருந்த இடம் அது. சிகாகோ என்றதும் விவேகானந்தரை நினைக்கும் நமக்கு அந்த ஆண்டு புதியதன்று. சர்வசமயப் பேரவை கூடியதும் அதே கண்காட்சியை ஒட்டித்தான்.

உச்சம் 1905. ஃபீல்டிங் யோஸ்ட்டின் மிச்சிகன் அணி 1901 முதல் 56 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்தது. நவம்பர் இறுதியில், நன்றி நவிலும் நாளில், சிகாகோ அதனை 2–0 என்ற கணக்கில் வீழ்த்தியது. அப்பருவம் முழுவதிலும் சிகாகோ எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை வெறும் 5 புள்ளிகள்.

வெற்றிக்கு வித்திட்ட வால்டர் எக்கர்சால் நகரத்தின் நாயகனானார். ஆனால் அவர் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சிகாகோவின் தூய்மையைப் போற்றுவோர் இச்செய்தியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றனர். கல்லூரி விளையாட்டின் நோய்கள் எனப் பின்னாளில் பேசப்பட்டவற்றில் சில, ஹார்ப்பரும் ஸ்டாக்கும் கைகோத்த அந்தப் பொற்காலத்திலேயே முளைவிட்டிருந்தன. அதே 1905இல் ஆடுகள மரணங்களும் படுகாயங்களும் பெருகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் நிலை வந்தது. மறு ஆண்டில் முன்னோக்கிப் பந்தெறிதல் விதிகளுக்குள் வந்தது. மேற்கத்தியக் கூட்டமைப்பு ஒரு பருவத்துக்கு ஐந்து ஆட்டங்களே என்று வரம்பு விதித்தது. 1906 ஜனவரியில் ஹார்ப்பர் புற்றுநோயால் மறைந்தார்.

சரிவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. அதன் காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அளவு. முதல் உலகப்போருக்குப் பின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையில் வீங்கிப் பெருத்தன. ஒஹாயோ 1922இலும் இல்லினாய் 1923இலும் மிச்சிகன் 1927இலும் மாபெரும் அரங்குகளைத் திறந்தன. அந்த அரங்குகளை நிரப்ப வெற்றி வேண்டும். வெற்றிக்கு ஆட்கள் வேண்டும். சிகாகோவிலோ பட்டமேற்படிப்பு மாணவர்களே மிகுதி. இளநிலை ஆடவர் தொகை மிகச் சிறிது.

இரண்டாவது, பாடத்திட்டம். பிற பல்கலைக்கழகங்களில் உடற்கல்வியையே முதன்மைப் பாடமாக எடுத்து ஒரு வீரர் பட்டம் பெறலாம். சிகாகோவில் அந்த வாயில் இல்லை. 1931இல் வந்த ‘புதிய திட்டம்’ வகுப்பு வருகையைக் கட்டாயமற்றதாக்கி, முழுமைத் தேர்வுகளை மையத்தில் வைத்தது. பயிற்சிக் களத்தில் நாளைக் கழித்துவிட்டு அத்தேர்வுகளை எழுதுவது எளிதன்று.

மூன்றாவது, நகரம். 1921 முதல் சிகாகோவிலேயே தொழில்முறை அணி ஒன்று இயங்கியது. ஜார்ஜ் ஹாலஸின் ‘பேர்ஸ்’. 1925இல் இல்லினாயின் ஒப்பற்ற வீரர் ரெட் கிரேஞ்ச் அதில் சேர்ந்தபோது கூட்டம் அங்கே திரண்டது. ஹார்ப்பர் காலத்தில் நகரத்துக்கென்று இருந்த ஒரே பெரும் அணி, இப்போது பலவற்றுள் ஒன்றாயிற்று. காலப்போக்கில் ‘மிட்வேயின் அரக்கர்கள்’ என்ற பெயரும்கூட பேர்ஸ் அணிக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் வருகிறார். 1929இல் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 30. 1932இல் ஸ்டாக்குக்கு 70 நிறைந்ததும், ஓய்வு விதி எவருக்கும் தளர்த்தப்படாது என்று நிர்வாகம் நின்றது. 41 பருவங்கள் பணியாற்றிய முதியவர் ஓய்வை ஏற்காமல் கலிஃபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குப் பயிற்சியாளராகச் சென்றார்; 102 வயது வரை வாழ்ந்தார். அவருடைய இடத்துக்கு கிளார்க் ஷாக்னெசி வந்தார்.

அணையும் விளக்கின் சுடராக ஒருவர் எஞ்சியிருந்தார்: ஜே பெர்வாங்கர். கல்லூரிக் கால்பந்தின் தலையாய தனிநபர் விருதாகிய ஹைஸ்மன் கோப்பை 1935இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. மறு ஆண்டு தொழில்முறைக் கூட்டமைப்பு முதன்முறையாக வீரர் தேர்வு நடத்தியபோது முதலில் அழைக்கப்பட்ட பெயரும் அவருடையதே. ஆயினும் ஊதியப் பேச்சு படியாததால் அவர் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கவேயில்லை, வணிகத்துறைக்குப் போய்விட்டார். அக்காலத்தில் இது யாருக்கும் பெரிய வியப்பாக இல்லை என்பதே வரலாற்று மாணவருக்கு வியப்பு.

1938 டிசம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஹட்சின்ஸ் எழுதிய கட்டுரை புயலைக் கிளப்பியது. கல்லூரி விளையாட்டைக் கெடுப்பது விளையாட்டன்று, வாயிற்பணமே என்பது அவர் வாதம். நுழைவுக் கட்டணத்தைப் பத்து செண்டாகக் குறைக்க வேண்டும். பயிற்சியாளர் வெற்றி தோல்விக்கு அஞ்சாதிருக்கப் பணிப்பாதுகாப்புத் தர வேண்டும் என்றெல்லாம் எழுதினார். ஸ்டாக்குக்கு ஹார்ப்பர் அளித்ததும் அதே பணிப்பாதுகாப்புத்தான் என்பது வரலாற்றின் குறும்பு.

1939 பருவம் வந்தது. சின்னஞ்சிறு பெலாய்ட் கல்லூரியிடம் தோல்வி. ஹார்வர்டிடம் 0–61. வர்ஜீனியாவிடம் 0–47. கூட்டமைப்பின் பழைய தோழர்களான மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய் மூவரிடமும் முறையே 0–85, 0–61, 0–46. கூட்டிப் பார்த்தால், அம்மூவரும் எடுத்த புள்ளிகள் 192. சிகாகோ எடுத்தது சுழியம். 34 ஆண்டுகளுக்கு முன் இதே மிச்சிகனின் வெற்றிநடையை முறித்த அணி இது. டிசம்பர் 21 அன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்திலிருந்து விலகுவதாக அறங்காவலர் குழு அறிவித்தது. 1946இல் சிகாகோ தான் நிறுவிய கூட்டமைப்பையே விட்டு வெளியேறியது.

ஷாக்னெசியின் பின்கதையைச் சொல்லாமல் விட இயலவில்லை. 85 புள்ளிகள் வாங்கிய அணியின் பயிற்சியாளர், மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று ஓர் ஆட்டமும் தோற்காமல் ரோஸ் பவுல் வரை வென்றார். அவர் செப்பமாக்கிய ‘டி’ வியூகத்தைக் கைக்கொண்ட ஹாலஸின் பேர்ஸ் அணி, 1940 டிசம்பரில் வாஷிங்டனை 73–0 என்று நொறுக்கி வாகை சூடியது. ஆக, சிகாகோவில் அறிவுக்குக் குறைவில்லை. ஆடுவதற்கு ஆட்கள்தாம் இல்லை.

இவ்வரலாறு இருவகையாகச் சொல்லப்படுகிறது. அறிவின் பொருட்டுக் கேளிக்கையைத் துறந்த வீரர் ஹட்சின்ஸ் என்பார் ஒருசாரார். மரபைக் கொன்ற ஆணவக்காரர் என்பார் மறுசாரார். இரண்டும் அவருக்கு மிகையான ஆற்றலை அளிக்கின்றன என்பது என் கருத்து. அவர் கையெழுத்திட்டது இறப்புச் சான்றிதழில். நோய் அவருக்கு முன்பே முற்றியிருந்தது. 1924க்குப் பின் சிகாகோவுக்குப் பட்டமில்லை என்பதையும், அவர் தலைவரானது 1929இல் என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே இது விளங்கும். ஆனால் அவருக்குரிய பெருமையும் உண்டு. தோற்கும் அணியைப் பணம் கொடுத்து மீட்பது, அல்லது பாடத்திட்டத்தில் ஒரு பின்வாசல் திறப்பது என்னும் இரு எளிய வழிகளும் அவர் முன் இருந்தன. இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

அதே தலைவரின் காலத்தில், 1937இல், சுப்ரமணியன் சந்திரசேகர் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நிறத்தை முன்னிட்டு அவர் வளாகத்தில் பாடம் நடத்துவதைப் புலத்தலைவர் ஒருவர் எதிர்த்தபோது, ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நிறுவனம் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதை அறிய இவ்விரு முடிவுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

துறவு இழப்பின்றி முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1950களின் தொடக்கத்தில் இளநிலை மாணவர் சேர்க்கை வெகுவாகச் சரிந்தது. அதற்குச் சுற்றுப்புறத்தின் நிலையும் ஹட்சின்ஸின் கல்லூரித் திட்டமும் காரணம். கால்பந்தின்மை மட்டுமே காரணம் என்பது பிழை. எனினும் வளாக வாழ்வின் வறட்சி பற்றிய முறையீடுகள் நெடுங்காலம் தொடர்ந்தன. 1963இல் ஆட்டத்தை மீட்க முயன்றபோது மாணவர்களே களத்தில் அமர்ந்து மறித்தனர். 1969இல் அணி திரும்பியது. இம்முறை உதவித்தொகை இல்லாத, பெருங்கூட்டம் இல்லாத எளிய நிலையில். பழைய ஸ்டாக் மைதானம் இடிக்கப்பட்ட இடத்தில் 1970 முதல் ரெகன்ஸ்டீன் நூலகம் நிற்கிறது. அருகே, உலை இயங்கிய இடத்தில், ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம்.

கால்பந்தின் இடத்தில் அறிவு வந்தமர்ந்தது என்று இதை நீதிக்கதையாக முடிக்கப் பலருக்கும் ஆசை. காலியான அந்த மாடத்தின் கீழ் முதலில் வந்தமர்ந்தது அணுகுண்டுக்கு வழிவகுத்த போர்க்கால ஆய்வு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரு பல்கலைக்கழகம் தனக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பெருந்தேவைக்கு இடங்கொடுக்க மறுத்த சில ஆண்டுகளிலேயே, அதனினும் பெரிய ஒன்றுக்கு இடங்கொடுத்தது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எவரும் கால்பந்துக்காகப் பாடத்திட்டத்தை வளைக்கப் போவதில்லை. ஆனால் ஹார்ப்பரின் இக்கட்டு நமக்கு அந்நியமானதன்று. பெயர் வேண்டும், விரைவாக வேண்டும், அதற்கு ஒரு கருவி வேண்டும். தரவரிசையில் ஏற வேண்டும் என்பதற்காகக் கட்டுரை எண்ணிக்கையைப் பெருக்கும் துறைகளில் நம்மில் பலர் பணியாற்றுகிறோம். புகழுக்காகக் கொண்டுவந்த கருவி, நாளடைவில் தனக்கென்று பசி கொள்கிறது. அப்பசிக்கு எதை எதையெல்லாம் இரையாக்கலாம் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. சிகாகோ அக்கேள்வியைக் கேட்க 47 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதுவும் 85–0 என்ற தோல்வியைக் கண்ட பிறகு. வென்றுகொண்டிருந்த காலத்தில் அதைக் கேட்டிருக்குமா?

மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதன் சுருக்கம்தான். அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். “நம் துறையில் எதை நிறுத்தினால் நாம் இன்னும் பல்கலைக்கழகமாகவே இருப்போம்?”