ஊடகவியலாளர் அளவாய்வு

ஊடகவியலாளர் அளவாய்வு என்பது இதழாளர்களின் ஊதியம், பணிச்சூழல், தொழிற்சுதந்திரம் முதலியவற்றை வினாக்கொத்து மூலம் அவர்களிடமே கேட்டறியும் ஆய்வுமுறை ஆகும். இந்தியாவில் நீதிபதி ராஜாத்யட்சா தலைமையில் 1952 இல் அமைக்கப்பட்ட முதலாம் பத்திரிகை ஆணையம் இதழாளரின் பணிநிலையை விரிவாக ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1954 இல் வெளியானது. அதைத் தொடர்ந்து 1955 இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் இயற்றப்பட்டது.

பன்னாட்டு அளவில் "இதழியல் உலகங்கள்" என்னும் ஆய்வு பெரியது. 2012–2016 காலகட்டத்தில் இந்தியா உட்பட 67 நாடுகளில் ஏறத்தாழ 27,500 பேர் இதற்கு விடையளித்தனர். வருமானத்தில் பாதியையேனும் செய்திப்பணியில் ஈட்டுபவரே இதில் இதழாளராகக் கொள்ளப்பட்டார். 1955 ஆம் ஆண்டுச் சட்டமும் இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரையே இதழாளர் என வரையறுத்தது.

யாரைக் கேட்பது என்பதில்தான் சிக்கல் உள்ளது. 1995 இல் உருவான பெரம்பலூர் மாவட்டம், அதிலிருந்து 2007 இல் மீண்டும் பிரிந்த அரியலூர் மாவட்டம் போன்ற சிறு மாவட்டங்களில் ஊர்ச்செய்திகளுக்கு நாளிதழ்கள் பகுதிநேர நிருபர்களைப் பெரிதும் நம்பியுள்ளன. அவர்களுள் வேறு தொழிலால் வாழ்வோர் மேற்கண்ட வரையறைகளுக்குள் அடங்குவதில்லை. வெளியான செய்திக்கு எவ்வளவு கிடைக்கிறது, பயணச்செலவு யாருடையது, விளம்பரம் சேர்க்கும் பொறுப்பும் உண்டா என்பன அவர்களிடம் கேட்கப்பட வேண்டிய வினாக்களாகும்.