அரசுரிமை சுமந்த பெண்

1658-இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபோது அப்படையுடன் வந்தவர் பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ். 1672-இல் வெளியான அவரது நூலில், கண்டி அரசி தோனா கத்தரீனாவின் மரணம் ஒரு நாடகக் காட்சியாகவே விரிகிறது. அரசி இறந்தது 1613-இல். பால்டேயஸ் பிறந்ததோ 1632-இல்! அவருக்கு ஆதாரம், அன்று கண்டி அரசவையில் இருந்த ஒல்லாந்தத் தூதர் பொஷோவர் விட்டுச் சென்ற செய்திகள்.

கரலியத்த பண்டாரனின் மகளான அவளது இயற்பெயர் குசுமாசன தேவி. தந்தை நாடிழந்து இறந்தபின் மன்னாரில் போர்த்துக்கீசியர் வளர்த்தனர். 1594-இல் அவளை அரியணையேற்ற வந்த அவர்களது படை தந்துறையில் அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்தான். 1604-இல் அவன் மறைந்தபின் செனரத்தும் அவளையே மணந்தான்.

போர்த்துக்கீசியர் தரப்பை விரிவாக எழுதிய குவைறோஸ் பாதிரியார் கோவாவிலிருந்து 1687-இல் எழுதி முடித்தவர், அச்சேறியது 1916-இல். நேரில் கண்டு எழுதியவர், எலிசபெத் இங்கிலாந்தை ஆண்ட 1602-இல் கண்டி வந்த ஸ்பில்பெர்கன். அரசியும் பிள்ளைகளும் கிறித்தவர்போல் உடுத்தியிருந்தனர் என்கிறார் அவர். உடை தெரிகிறது, உள்ளம் தெரியவில்லை.

மரணப்படுக்கைப் பேச்சை நாம் ஐயுறலாம். ஆனால் பகைவர்களின் ஏடுகள் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு: கண்டியை ஆள விரும்பிய அனைவருக்கும் அவள் தேவைப்பட்டாள். அவளுக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்டு எழுதியவர்தாம் எவருமில்லை.