பிறந்த மண்ணைச் சொல்லும் பொருள்கள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலையாகச் சங்கப் பாடல்கள் வழி நாம் அதனை அறிவோம். ஓரிக்கும் பன்னெடுங்காலம் முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாக நிற்பவை, புதிய கற்கால மக்கள் தீட்டி மெருகேற்றிய கற்கோடரிகள். மலையூர்கள் சிலவற்றில் அக்கற்கள் இன்றும் சிறு கோயில்களில் வழிபடப்படுகின்றன. செய்தவன் பெயர் மறைந்தது, பயன் மறந்தது, இருப்பிடம் மட்டும் மாறவில்லை.

இத்தகைய கற்கோடரிகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் நாம் காணலாம். 1851இல் தொடங்கப்பெற்று, 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு மாறிய அந்நிறுவனம் நாட்டின் தொன்மையான அருங்காட்சியகங்களுள் ஒன்று. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட், வாழ்நாளெல்லாம் திரட்டிய தொல்பொருள்கள் 1904இல் அதனைச் சேர்ந்தன. அவற்றை எங்கெங்கே எடுத்தார் என்பதையும் அவர் எழுதி வைத்தார். அக்குறிப்பின்றேல் அவை வெறும் கற்களே.

நாணயத்திற்கு இக்குறை இல்லை. எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்தபோது மைசூர் நாணயங்களுக்கும் டில்லி சுல்தான்களின் நாணயங்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வெளிவந்தன. திப்பு சுல்தானின் காசு அச்சிட்ட தங்கசாலையையும் ஆண்டையும் தன் மேனியிலேயே தாங்கி நிற்கிறது. கையிற் கொண்டவன் யாராயினும், எழுத்தறிந்தவனுக்கு அது தன் வரலாற்றைச் சொல்லிவிடும். வாயில்லாப் பொருள்களுக்கோ, கண்டெடுத்தவனின் நேர்மையே வாய்.

செப்புத் திருமேனிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் சோழர்காலக் கலையின் உச்சமென உலகம் போற்றும் படைப்புகள். இக்கூடத்துத் திருமேனிகளுட் பல, மண்ணில் புதைந்து கிடந்து, நிலத்தைத் தோண்டுவோரின் கண்ணிற் பட்டவை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அதற்கேற்ப அறிவிக்கப்பட்டதால்தான் ஊர்ப் பெயர் சிலையோடு தங்கியது. களவில் கடல் கடந்த சிலைகளுக்கு முதலில் அழிக்கப்படுவது அவ்வூர்ப் பெயரே. அவற்றை மீட்க வழக்காடுவோர் முதலில் நிறுவ வேண்டியதும் அதுவே.

அமராவதிச் சிற்பங்கள் மற்றொரு பாடம். ஆந்திர நாட்டுப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கற் பலகைகளை வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பினார். அவற்றுட் பெரும்பகுதி 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறியது. பின்னர் அகழ்ந்தவற்றுட் பல சென்னையில் தங்கின. ஒரே தூபி இன்று இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கிறது. எனினும் அதன் முழு வடிவை அறிஞர் மீட்டெண்ண முடிகிறதென்றால், காலின் மெக்கன்சியின் குழுவினர் கல் பெயருமுன் வரைந்து வைத்த படங்கள் அதற்குப் பெரிதும் துணை.

இவ்வளாகத்தின் தேசியக் கலைக்கூடக் கட்டடமும் ஒரு காட்சிப்பொருளே. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட அதன் செந்நிற முகப்பில், அக்பரின் பதேபூர் சிக்ரியில் உள்ள புலந்த் தர்வாசாவின் சாயலைக் காண்கிறோம். முகலாயச் சாயல் வாயில் நிற்கும் வளாகத்திலேயே சோழர் செம்பு! நம் நாட்டுக் கலை வரலாறு ஒற்றை இழையால் நெய்யப்பட்டதன்று என்பதை இதனினும் தெளிவாக எந்நூல் உரைக்கும்?

ஆகவே, அருங்காட்சியகத்தின் செல்வம் பொருள் மட்டுமன்று; பொருளோடு பிணைந்த இடக்குறிப்பும் ஆகும். கொல்லிமலையின் சிறு கோயிலில் கற்கோடரியைக் காணும் அன்பர்கள், அதனைப் பையிலிட்டு வருவதைப் பெருமையென எண்ணற்க. படமெடுங்கள், ஊரையும் இடத்தையும் எழுதுங்கள், கல்லை அங்கேயே விட்டு வாருங்கள். கல்வி அறியாதவர் எனச் சிலர் எண்ணும் அம்மலைமக்கள், அக்கல்லின் முகவரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றனர்.