எலிசாவும் என் ராத்திரி ரெண்டு மணியும்

மக்கள்ஸ், ரெண்டு வாரமா எழுதல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுல ஒண்ணு நானே எனக்கு அடிச்சுக்கிட்டது!

ராத்திரி ரெண்டு மணி, சர்வர் படுத்துக்கிச்சு. ஒரு ஏஐ அரட்டைப்பொட்டிகிட்ட எர்ரரைக் கொடுத்தேன். "இந்த செட்டிங்கை மாத்துங்க"ன்னுச்சு. "நிஜமா இருக்கா?"ன்னு கேட்டேன். "நிச்சயமா"ன்னுச்சு. நம்பி லீடுக்கு மெயிலும் தட்டிட்டேன். விடிஞ்சு பார்த்தா அப்படி ஒரு செட்டிங்கே கிடையாது. மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி திருதிருன்னு முழிச்சேன்.

அந்தக் கடுப்புல இதோட பூர்வீகத்தைத் தோண்டினேன்.

1966-ல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற புரோகிராம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடக நாயகியின் பெயர் அது. சூட்சுமம் ரொம்ப சிம்பிள். நாம் அடிக்கும் வாக்கியத்தில் முக்கியச் சொல்லைத் தேடும். கிடைத்தால் 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கி நம்மிடமே கேள்வியாகத் திருப்பிவிடும். கிடைக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்" ரகத்தில் ஒரு பொது பதில். அர்த்தமெல்லாம் அதுக்குத் தெரியாது.

ஆனா, அது உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு பேச ஆரம்பித்ததும் "கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?" என்று அவரைக் கேட்டாராம். மனுஷன் ஆடிப்போயிட்டார். 1976-ல் எச்சரிக்கையாக ஒரு புத்தகமே எழுதினார்.

2022 நவம்பர் 30-ல் வந்த சாட்ஜிபிடி வேற ரகம். அடுத்து வரவேண்டிய சொல் எதுன்னு கணிச்சுக் கணிச்சே எழுதுது. கணிப்பு சரியோ தப்போ, குரல்ல மட்டும் தடுமாற்றமே இருக்காது.

2023-ல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கு. பயணி தரப்பு வக்கீல்கள் இல்லாத தீர்ப்புகளை எல்லாம் கோர்ட்டில் மேற்கோள் காட்டினார்கள். அதில் ஒருவர், "இது நிஜ வழக்கா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் ஆமாம் என்றது. அபராதம் 5000 டாலர். படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சது, நான் பண்ணினதும் அதேதானே!

பட்டுத் தெளிஞ்சதுல நாலு:

1. பதில் உண்மையான்னு அதுகிட்டயே கேக்காதீங்க. திருடன்கிட்டயே சாவியைக் கொடுத்த கதைதான். மூல ஆவணத்தைத் திறந்து பாருங்க.

2. பேச்சு ரொம்ப நீண்டா ஆரம்பத்துல சொன்னது நழுவிடும். புது அரட்டை தொடங்குங்க.

3. வெர்ஷன், முழு எர்ரர், ஏற்கனவே முயற்சி பண்ணினது எல்லாத்தையும் கொடுங்க. பாதி கொடுத்தா மீதியை அதுவே இட்டுக்கட்டும்.

4. "இதுதானே காரணம்?"னு கேட்டா பெரும்பாலும் ஆமாம் சாமி போடும். "என்னென்ன காரணம் இருக்கலாம்?"னு கேளுங்க.

நேத்து லீடுகிட்ட நடந்ததை ஒளிக்காம சொல்லிட்டேன். அவர் திட்டல. "மெஷின் சொன்னது தப்பு, சரி. மெயில்ல உன் பேர்தானே இருந்துச்சு?"ன்னார். அம்பது வருஷம் முன்னாடி வைசன்பாம் பயந்ததும் மெஷினைப் பார்த்து இல்ல, அதை நம்பற நம்மளைப் பார்த்துதான்.

டிஸ்கி: இந்தப் பதிவை நானேதான் எழுதினேன். நம்புங்கப்பா!