கண்ணாடி வீட்டுக் கள்ளிகள்

அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட நிலங்களுக்குரிய கள்ளிச்செடிகள், உறைபனி விழும் வட ஐரோப்பாவில் ஒரு கோடைக்காலப் பொழுதுபோக்காக வேரூன்றியது தோட்டக்கலை வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது. தாவரவியலார் ‘காக்டேசி’ எனக் குறிக்கும் இக்குடும்பத்தில் முட்கள் யாவும் ‘அரியோல்’ எனப்படும் பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்தே கிளம்பும். தமிழ்நாட்டு வேலியோரச் சதுரக்கள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் அத்திட்டு இல்லை. வெட்டினால் பால் வடியும் அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியோ கடல் கடந்து வந்த உண்மையான காக்டேசி. இவை அனைத்தையும், தண்டிலோ இலையிலோ நீரைத் தேக்கும் பிற செடிகளையும் ‘சக்குலண்ட்’ என்னும் பொதுப்பெயர் அடக்கும்.

தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் தமக்குத் தெரிந்த 22 கள்ளியினங்களையும் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் கப்பலேறி வந்த செடிகள் பெருகியதால், ஜெர்மனியின் டிக் கோட்டைக்குரிய இளவரசர் சால்ம்-டிக் தம் தோட்டத்துக் கள்ளிகளுக்கென்றே 1850இல் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கத்தில் கள்ளி வளர்ப்பு பெருஞ்செல்வர்களின் ஈடுபாடாகவே இருந்தது. கண்ணாடிமீது விதித்திருந்த வரியைப் பிரிட்டன் 1845இல் நீக்கிய பின்னரே, கண்ணாடிக் கூரையிட்ட செடிவீடு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டத் தொடங்கியது.

செடிவீட்டில் வளர்த்தவர்கள், குளிரைவிட வெளிச்சக் குறைவே கடினமான தடை என்பதைப் பட்டறிவால் உணர்ந்தனர். கள்ளி பகல் வெப்பத்தில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஈர்த்துச் சேமித்து, மறுநாள் வெயிலின் துணையால் அதைச் சர்க்கரையாக்குகிறது; வெயில் மங்கிய இங்கிலாந்துக் குளிர்காலத்தில் ஊற்றும் நீர் செடியை வெளிறச் செய்து ஒல்லியாக நீளவைக்கும், அல்லது வேரை அழுகச் செய்யும். எனவே ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை மண்ணைக் காயவிட்டுச் செடியை ஓய்வில் வைத்து, இளவேனிலில் மீண்டும் நீர் விடும் முறை நிலைபெற்றது. அவ்வோய்வே பல இனங்கள் அடுத்த ஆண்டு மொட்டு விடுவதற்கும் துணைபுரிந்தது. நீரூற்றுதலும் வளர்ச்சியும் பூத்தலும் ஆண்டின் பாதிக்குள் அடங்கிவிட்டமையால் கண்காட்சிகளும் பெரும்பாலும் கோடையையே சார்ந்து அமைந்தன.

ஜெர்மானியக் கள்ளிச் சங்கம் 1892இலும் அமெரிக்கச் சங்கம் 1929இலும் தோன்றின. பிரிட்டனில் 1931இலும் 1945இலும் தொடங்கிய இரு சங்கங்கள் 1983இல் ஒன்றாயின. இச்சங்கங்களின் கண்காட்சி மேசையில் செடிகள் பேரினவாரியாகவும் தொட்டியின் விட்ட அளவுவாரியாகவும் பிரித்து வைக்கப்படும். வடுவற்ற மேனி, முறியாத முட்கள், மாவுப்பூச்சி அண்டாத தூய்மை, சரியான பெயர்ச்சீட்டு, அவ்வினத்தை வளர்ப்பதிலுள்ள அருமை ஆகியவற்றை நடுவர்கள் எடைபோடுவர். பூ இருப்பது மட்டும் வெற்றியை உறுதிசெய்யாது. ஒரே கோடையில் தேற்றிக் கொண்டுவரக்கூடிய செடி இங்கு எளிதில் முந்துவதில்லை. பல ஆண்டுகள் இடைவிடாமல் காட்டிய கவனமே உண்மையில் மதிப்பிடப்படுகிறது என்பதே இவ்வழக்கத்தின் பெருமை.

இவ்வார்வத்திற்கு ஒரு கொடிய மறுபக்கமும் உண்டு. சேகரிப்போர் போற்றிய அரிய செடிகளில் பல, மெக்சிகோ முதலிய நாடுகளின் பாலைகளில் வேரோடு தோண்டியெடுக்கப்பட்டவை. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்து, இன்று ஏறத்தாழ இக்குடும்பம் முழுவதையும் உள்ளடக்கியுள்ளது. ஆயினும் 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு 31 விழுக்காட்டுக் கள்ளியினங்கள் அழியும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டது. அரியோகார்பஸ் போன்ற செடிகள் விதையிலிருந்து பூக்கும் பருவம் எய்தப் பத்தாண்டு வரை பிடிக்கும் என்பதால், தோண்டியெடுப்பது எளிய குறுக்குவழியாகத் தோன்றியது. அவற்றையும் விதைத்து முளைக்கவைக்கப் பொறுமையோடு கற்றுக்கொண்ட வளர்ப்போரே இப்பொழுதுபோக்கின் போக்கைத் திருத்தியவர்கள். தாமே விதையிட்டு வளர்த்த நாற்றுகளுக்கெனப் பிரிட்டிஷ் கண்காட்சிகளில் இன்று தனிப் பிரிவு உண்டு. முதிர்ந்த பெருஞ்செடிகளின் வரிசையைக் காட்டிலும் அதுவே கூடுதல் மதிப்புக்குரியது.