மருந்து கேட்காத மனச்சோர்வு: கீழ்ப்பாக்கம் முதல் எண்ணூர் வரை

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற இரண்டே சொற்கள் போதும். சினிமா காமெடி முதல் டீக்கடை பெஞ்ச் வரை இது சகஜம். ஆனால் இந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறார்கள். அதிலும் மருந்து சாப்பிட்டும் சோர்வு தீராதவர் நிலைமை இன்னும் மோசம். 'மாத்திரையே கேட்கலை, இனி என்ன இருக்கு?' என்று வீட்டில் உள்ளவர்களே கைவிட்டு விடுவார்கள். உண்மையில் அதற்குப் பிறகும் வழிகள் உண்டு. அவை எப்படி வந்தன என்பது ஒரு நீண்ட கதை.

பூட்டி வைத்த காலம்

வாலண்டைன் கனோலி என்ற ஆங்கிலேய டாக்டர் 1794-ல் புரசைவாக்கத்தில் ஒரு மனநோய் விடுதியைத் தொடங்கினார். 1871-ல் அரசு மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922-ல் 'காப்பகம்' என்ற பெயர் போய் 'மருத்துவமனை' ஆனது. பெயர் மாறினாலும், இருதுருவ நோய்க்கென்று ஒரு மருந்து அன்றைக்கு உலகில் எங்குமே கிடையாது. சில மாதம் அளவுக்கு மீறிய உற்சாகம், சில மாதம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. அது தானாக அடங்கும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்!

அதே ஊரின் வடக்கே வேறொரு கதை. 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனால்தான் இராயபுரத்துப் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றார்கள். அங்கே இன்று மனநலப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போகும் அதே வாசலில் மனச்சோர்வுக்கும் போகலாம் என்பது சின்ன மாற்றம் அல்ல.

ஒரு உப்பு செய்த வேலை

1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட், லித்தியம் என்ற உப்பு அதீத உற்சாகத்தை அடக்குகிறது என்று எழுதினார். ஆனால் அவருடைய முதல் நோயாளியே அடுத்த வருடம் லித்தியம் நச்சாகி இறந்துபோனார். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. இரத்தப் பரிசோதனை வழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்த மருந்து நிலைபெற்றது. தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் டாக்டர்கள் இதை மதிக்கிறார்கள்.

வடசென்னைக்கு இதில் தனிப் பாடம் உண்டு. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பிறந்தது. அசோக் மோட்டார்ஸ் 1948-ல் எண்ணூருக்கு வந்தது. என்ஃபீல்டு 1955-ல் திருவொற்றியூருக்கு வந்தது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் தந்தவை வேலை, வெயில், நைட் ஷிப்ட். வியர்வை கொட்டி உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். மூட்டை தூக்கிய முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். தூக்க நேரம் மாறிக்கொண்டே இருந்தாலோ நோயே திரும்பத் தலைதூக்கும். ஆகவே ஷிப்டைப் பற்றி டாக்டரிடம் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

மருந்து உண்மையிலேயே தோற்றதா?

இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். போதிய அளவில், போதிய வாரங்கள் சாப்பிட்டாரா? நடுவில் குடி இருந்ததா? லித்தியத்தால் தைராய்டு குறைந்திருந்தால் அதுவும் சோர்வாகவே தெரியும். இது இருதுருவ நோய் என்று தெரியாமல் வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தாலும் பலன் இருக்காது. 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தோடு மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்தவர்கள், வெற்று மாத்திரை சேர்த்தவர்களைவிட அதிகமாகக் குணமாகவில்லை. அப்போது குடியபின், லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துகளைப் பார்க்க வேண்டியிருக்கும். லாமோட்ரிஜினை மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம்.

அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பகுதி கவனிக்க வேண்டியது. மருந்தோடு தீவிரப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் 64% பேர் மீண்டார்கள். சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 52%. அந்தச் சிகிச்சைகள் கற்றுத்தந்தவை: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, சோர்வின் முதல் அடையாளங்களைக் குறித்து வைப்பது, குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவது.

ஷாக் என்றால் பயமா?

மின் அதிர்ச்சி சிகிச்சை 1938-ல் ரோமில் பிறந்தது. சினிமா அதைத் தண்டனை போலக் காட்டிவிட்டது. இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சில நாள் ஞாபக மறதி வரலாம். ஆனாலும் மருந்துகள் தோற்ற கடும் சோர்வில் வலுவான பலன் தருவது இதுதான்.

மருத்துவத்தை விட்டுச் சங்கிலியை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ஏர்வாடித் தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டி வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

வீட்டுக்கு வெளியே ஒரு கை

கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 முதல் தலைமை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், மனநோயாளி வீட்டிலிருந்தபடியே வாழ முடியும் என்று நம்பினார். 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பை உருவாக்கினார். நோய் முழுவதும் போகாவிட்டாலும் வேலை, உறவு, மரியாதை திரும்பலாம் என்பதே அந்த வழி.

மருந்து கேட்கவில்லை என்று அதைத் திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நோய் வேகமாகத் திரும்பும், உயிருக்கும் கேடு வரலாம். நிறுத்துவதோ மாற்றுவதோ டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேச ஆள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரிக்காமல், அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.